குத்தாலத்தில் ஓர் இரவு என்ன விலை?

ஆனி மாதம் மேற்கே மலை மூடிக்கொண்டால் பாவூர்சத்திரத்துக்கு முதலில் வருவது காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் அந்தக் காற்று, காய்கறிச் சந்தையில் மூட்டைகளுக்கு மேலே கட்டிய தார்ப்பாயைப் படபடவென்று அடிக்கும். மழை என்று சொல்ல முடியாது. முகத்தில் ஊசி குத்துவதுபோல் நாலு துளி விழும். கூடவே வெயிலும் அடிக்கும். "குத்தாலத்துல தண்ணி விழுதாம்லா" என்று சந்தையில் ஒருவர் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வீடுகளில் பேச்சு தொடங்கும். என்றைக்குப் போவது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது, மதினி வீட்டில் சொல்லியாயிற்றா? நான் சிறுவனாக இருந்தபோது இந்தப் பேச்சில் இன்னொரு கேள்வியும் உண்டு: எத்தனை நாள் தங்குவது? இன்றைக்கு அதை யாரும் கேட்பதில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது என்பது பேசாமலே முடிவாகிவிட்ட விஷயம்.

பாவூர்சத்திரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவர்கள் எதற்குத் தங்க வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்பார். தங்கியவர்களுக்குத்தான் அது புரியும். குற்றாலக் குளியல் ஒரு வேளைக் காரியமே இல்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு குளியல், வயிறு முட்டச் சாப்பாடு, நல்ல தூக்கம், மத்தியானம் (அப்போதெல்லாம் எண்ணெய் தேய்த்து) இன்னொரு குளியல், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மூன்றாவது. நடுவில் பசி வரும். அப்படி ஒரு பசி வேறெங்கும் வராது. ஆச்சியின் மூட்டுவலிக்கும் வீட்டுப் பெண்களின் இடுப்புவலிக்கும் இதுதான் வருஷ வைத்தியம். கீழப்பாவூர் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெருக்கள் குறைவு. நாள் முழுக்கக் குனிந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உடம்புக்குப் பேரருவியின் அடி என்ன செய்யும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு நாள் போய்வந்தால் குளித்த மாதிரி. மூன்று நாள் இருந்தால்தான் குணமான மாதிரி.

அந்த மூன்று நாள் ஏன் கைக்கு எட்டாமல் போனது? விலைவாசி ஏறிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அரிசி, பருப்பு, பெட்ரோல் எல்லாம்தான் ஏறிவிட்டன. ஆனால் கணக்கை விரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

முதலில் ஏறாதவற்றைப் பார்க்கலாம். அருவியில் குளிக்க அன்றும் இன்றும் காசு கிடையாது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நிற்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை. போக்குவரத்தும் ஒரு வகையில் மலிந்திருக்கிறது. திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதை 2012இல் அகலப்பாதையானது. பாவூர்சத்திரத்தில் பாசஞ்சர் ஏறினால் தென்காசிக்குக் குறைந்தபட்சக் கட்டணமான பத்து ரூபாய்தான். கொரோனாவுக்குப் பிறகு இதையே 'சிறப்பு ரயில்' என்று பெயர் மாற்றி முப்பது ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் பழையபடி பத்துக்கு வந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் போகவர முந்நூறாக இருந்தது நூறாயிற்று. தென்காசியில் இறங்கினால் குற்றாலத்துக்கு டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆச்சி, அம்மா, மகள் மூவருக்கும் ஒரு பைசா செலவில்லாமல் அருவிக்கரை வந்துவிடுகிறது.

ஆக, அரசாங்கம் போவதையும் வருவதையும் மலிவாக்கியிருக்கிறது. இருப்பதை அப்படிச் செய்யவில்லை. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் மீதிக் கதை தானே விரியும் என்று நினைக்கிறேன்.

தங்கும் அறைக்கு வருவோம். குற்றாலத்தில் விடுதி நடத்துகிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சீசன் என்பது ஆனி, ஆடி, ஆவணி. அதிலும் தண்ணீர் விழுகிற நாள்தான் நாள். மேற்கே மழை ஏமாற்றினால் பாறை காய்ந்து கிடக்கும். மழை மிஞ்சினால் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும்; போலீசார் குளிக்க விடமாட்டார்கள். காய்ந்த நாளும் மிஞ்சிய நாளும் போக, அளவாக விழும் நாட்களில் சனி, ஞாயிறு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்லையும் ஆள் சம்பளத்தையும் கடன் வட்டியையும் அந்தச் சில இரவுகளில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஒரு விலையும் சனிக்கிழமை இன்னொரு விலையும். ஒரு சனிக்கிழமை இரவு, பத்து மணிக்கு மேல், கைப்பையோடு நின்ற என்னிடம் ஒரு தரகர் வந்தார். "அண்ணாச்சி, ஃபேமிலியா? ரூம் இருக்கு. விலையைக் கேட்டா கோவப்படப்பிடாது" என்றார். விலையைச் சொன்னார். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவரும் சிரித்தார். தென்காசிக்குத் திரும்பி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம்.

வரியும் தன் பங்குக்கு விளையாடியது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான அறைகளுக்கு விலக்கு இருந்தது. ஏழைபாழைகள் தங்கும் அறை என்று அதை விட்டுவைத்திருந்தார்கள். 2022 ஜூலை 18 அன்று அந்த விலக்கை எடுத்துவிட்டு 12 சதவீதம் போட்டார்கள். ஆடி பிறந்து இரண்டாம் நாள் அது. குற்றாலத்தில் கூட்டம் ஏறுகிற நேரம். 900 ரூபாய் அறைக்கு ஒரே நாளில் 108 ரூபாய் கூடியது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் என்று குறைத்தார்கள். அதே 900 ரூபாய் அறைக்கு இப்போது 45 ரூபாய். குறைத்தது நல்லதுதான், சீசன் முடிந்து குறைத்தார்கள் என்றாலும். ஆனால் பாருங்கள், ஆயிரம் ரூபாய் அறைக்கும் ஏழாயிரம் ரூபாய் அறைக்கும் இன்று ஒரே விகிதம். எளியவர் அறைக்குத் தனிச் சலுகை என்ற எண்ணம் சட்டத்திலிருந்தே போய்விட்டது. நடைமுறையில் சீசன் இரவில் பில் கேட்பவரும் கொடுப்பவரும் குறைவு என்பதால் வரியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதைவிடப் பெரிய காரணம் குத்தகை. வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, சீசன் கடை என்று பொது இடத்துச் சேவைகளை ஏலம் விடுவது நம் ஊர்களில் வழக்கம். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை அறுபது எழுபது நாளில் எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏலத் தொகை ஏறும். ஏறினால்தான் உள்ளாட்சிக்கு நல்ல பெயர். ஏறிய தொகை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்றால், டீக்கு ரெண்டு ரூபாய், பழத்துக்கு அஞ்சு ரூபாய், கக்கூசுக்கு அஞ்சு ரூபாய் என்று ஈரத்துணியோடு நிற்கிற குடும்பத்தின் தலையில். கட்டணம் வாங்குவதே தப்பென்று நான் சொல்லவில்லை. வாங்கிய காசு அதே கழிப்பறையைக் கழுவப் போகிறதா, ஏலக் கணக்கை நிரப்பப் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

சரி, விடுதி இல்லாத காலத்தில் எங்கே தங்கினார்கள்?

எங்கள் ஊர்ப் பெயரிலேயே விடை இருக்கிறது. பாவூர் தனி, சத்திரம் தனி. வழிப்போக்கர் இறங்கித் தங்கிய இடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வது தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதையும் சத்திரம் வைத்ததையும் தென்மாவட்டங்களில் இன்னும் சொல்வார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. தஞ்சைப் பக்கம் மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை வரிசையாகக் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவனுக்கு ஓர் இரவு தலைசாய்க்க இடமும் ஒரு வேளைச் சோறும் கொடுப்பது அரசின் கடமை என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள். குற்றாலத்திலும் அப்படித்தான். சமூகத்தார் கட்டிய சத்திரங்கள், மடங்கள், ஜமீன்களின் பங்களாக்கள் என்று தங்குமிடங்கள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடைக்கும் சாரலுக்கும் வந்து தங்கினார்கள். திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்துக்கு ஓர் அரண்மனையே இருந்தது. பிற்காலத்தில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது, அவர் வீட்டில் வந்து தங்காத இலக்கியக்காரர் குறைவு. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தாளிகள். நண்பர்களுக்கு அந்த வீடே சத்திரம்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பழைய சத்திரத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்த இலவச இரவு எல்லாருக்கும் கிடைத்ததா? இன்ன சாதிக்கு இன்ன சத்திரம் என்பதுதான் பெரும்பாலும் நடப்பு. சத்திரம் கிடக்கட்டும், அருவியே எல்லாருக்கும் இல்லை. 1934இல் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் குற்றாலம் வந்த காந்தி, அரிசனங்களுக்கு அங்கே குளிக்க அனுமதியில்லை என்று அறிந்து, தானும் குளிக்காமல் போனார். இந்தப் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த செய்தி இது. காசு கொடுத்து எடுக்கும் லாட்ஜ் அறை, மனிதனை அவன் பையில் உள்ள பணத்தைக் கொண்டு மட்டும் அளந்தது. அந்த வகையில் அது ஒரு விடுதலைதான். தாத்தா காலத்தில் சத்திரத்துத் திண்ணையில்கூட ஏற முடியாதவரின் பேரன், ஆயிரம் ரூபாயை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். நான் கேட்பது அந்தச் சத்திரம் திரும்பி வர வேண்டும் என்பதல்ல. சாதியையும் கேட்காத, பணத்தையும் அதிகம் கேட்காத ஒரு பொது இடம் நடுவில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கி, ஓட்டல் தமிழ்நாடு கட்டியது. பேரூராட்சியும் தேவஸ்தானமும் விடுதிகள் வைத்திருக்கின்றன. இருக்கிற அறைகளோடு வருகிற கூட்டத்தை ஒப்பிட்டால் அவை கடலில் கரைத்த பெருங்காயம். பழைய சத்திரங்களில் பலவும் கல்யாண மண்டபங்களாகிவிட்டன.

அறை எடுக்காமல் தங்குவதற்கும் ஒரு வழி இருந்தது. பாய், தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தூக்குச்சட்டியில் புளியோதரை, இட்லியும் மிளகாய்ப்பொடியும். தோப்பிலோ வண்டிக்கடியிலோ கோயில் மண்டபத்திலோ படுக்கை. சமையலுக்கு மூன்று கல், கிடைத்த சுள்ளி. அந்தக் குடும்பம் தன் இரவுக்கு விலை கொடுக்கவில்லையா? கொடுத்தது. பெண்களின் உழைப்பாகவும் கொசுக்கடியாகவும் கொடுத்தது. பணமாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சிறிது சிறிதாகத் தோப்புக்கு வேலி வந்தது, வேலிக்குள் ரிசார்ட் வந்தது. அடுப்பு மூட்டக் கூடாது என்று வந்தது. சரியான காரணங்களும் இருந்தன: குப்பை, தீ, ஓடையில் அசிங்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் பயன்படுத்தத் தடை விதித்தது. தண்ணீருக்கு அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு கதவாக மூடியபோது பக்கத்தில் இன்னொன்றைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேலிக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓடை நீரைத் திருப்பி, தன் விருந்தினருக்கு மட்டும் செயற்கை அருவி வைத்துக்கொண்ட ரிசார்ட்டுகள் பற்றி 2022இல் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு வந்தது. நீதிமன்றம் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது; தென்காசி உள்பட மலையோர மாவட்டங்களில் ஆய்வு நடந்தது. யோசித்துப் பாருங்கள். ஊருக்குப் பொதுவாக விழும் தண்ணீரைக் குழாய் போட்டுத் திருப்பி, அறை வாடகையில் சேர்த்து விற்பது. குடும்பத்தோடு தங்கும் செலவு ஏறியதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும், பொது இடத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்குவது ஏதோ வெள்ளைக்காரப் பழக்கம் என்று நினைப்பவர்கள் ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்ப் பார்க்க வேண்டும். பாவூர்சத்திரத்திலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் வழியாக மேலே ஏறினால் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பட்டவராயன் என்று கூட இருக்கும் சாமிகளுக்கும் கணக்கில்லை. பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. ஆடி அமாவாசை நெருங்கினால் ஆற்றங்கரையில் ஓர் ஊரே முளைக்கும். கம்பு நட்டு, கயிறு இழுத்து, தார்ப்பாயோ ஓலையோ போட்டுக் குடில். அண்ணன் தம்பி பங்காளிகள், கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், மதுரையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தக் குடிலுக்கு வந்து சேர்வார்கள். போன வருஷம் எந்த மரத்தடியோ அதே மரத்தடிதான் இந்த வருஷமும். கிடாய் வரும், அண்டா வரும், அரிசி மூட்டை வரும். வாரக்கணக்கில் கிடந்துவிட்டு வந்த காலம் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, ராஜ உடையில் வந்து அமர்ந்து தரிசனம் கொடுத்ததும் இந்த விழாவில்தான். 2020 மே மாதம் அவர் காலமானார்.

அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்டது. தாமிரபரணி அங்கிருந்துதான் கீழே இறங்கி நம் குடத்துக்கு வருகிறது. லட்சக்கணக்கில் கூட்டம் கூடி, பிளாஸ்டிக்கையும் பழைய துணியையும் போட்டுவிட்டுப் போனால் வனத்துறை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆற்றில் துணியை விடுவது எந்தச் சாமி கேட்ட நேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகவே கட்டுப்பாடுகள் வந்தன. குடில் போட்டுத் தங்கும் நாட்கள் சில நாட்களாகச் சுருங்கின. தனியார் வண்டிகளை அடிவாரத்தில் அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும். குடில் சாமானை எப்போது ஏற்றலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு வரும் உத்தரவில் இருக்கிறது.

இதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவுக் கணக்கில் இது என்ன செய்கிறது என்பதை யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. குடிலுக்கு ஆகும் பெரிய செலவு நாள்கணக்கில் ஆவதில்லை. சாமான் ஏற்றும் வண்டி வாடகை, தார்ப்பாய், கம்பு, பாத்திர வாடகை, கிடாய் இவையெல்லாம் ஒரே தரம் ஆகிற செலவு. கணக்குக்காக இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் பத்து நாள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். அதே இருபது பேர் மூன்று நாள் இருந்தால் முந்நூற்று முப்பதுக்கு மேல். யாரும் கட்டணத்தை ஏற்றவில்லை. நாளைக் குறைத்தார்கள், விலை தானாக ஏறிவிட்டது. வேலையை விட்டுத் திருப்பூரிலிருந்து வருகிறவன் பஸ் செலவையும் இதில் சேர்த்தால், "இந்த வருஷம் வேண்டாம், அமாவாசை அன்னைக்கு மட்டும் போய்க் கும்பிட்டுட்டு வந்துருவோம்" என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? குற்றாலத்திலும் இதே கதைதான். பயணச் செலவு ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் ஒன்றே. இரவு இல்லாத குடும்பம் அதை ஒரே நாளில் தின்று தீர்க்கிறது. இரண்டாம் முறை குளிக்க ஆசைப்பட்டால் இன்னொரு பயணம்.

வனத்துறையே இப்போது பயணம் விற்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தார்கள். வழிகாட்டியாகப் போவது மலையோரத்துப் பழங்குடி இளைஞர்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவிப் பாதையும் பட்டியலில் உண்டு. எங்கள் தகப்பனார் தலைமுறை சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குக் கட்டுச்சோற்றோடு ஏறிய பாதை அது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கும்போது, தனியாள் சுற்றுலாக்காரனுக்கு அது தாங்கும். ஏழு பேர் குடும்பத்துக்கு ஏழால் பெருக்க வேண்டும். குடும்பம் என்ற அலகு அந்தக் கட்டண அட்டவணையில் இல்லை.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் முகாம் இடங்கள் ஒரு காலத்தில் உழைக்கும் குடும்பத்தின் கோடை விடுமுறை. இன்று யோசெமிட்டி போன்ற இடங்களில் மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். லீவு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத கூலிக்காரன் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. நார்வே வேறு மாதிரி. அங்கே 1957இல் போட்ட ஒரு சட்டப்படி, பயிரிடாத திறந்தவெளியில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் என்றால் பெரும்பாலும் நிலக்காரரைக் கேட்க வேண்டும். காசு கிடையாது. நம் ஜனத்தொகைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ஓர் இரவு தங்குவதை உரிமையாகச் சட்டத்தில் எழுதிய நாடும் உலகத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், திருச்செந்தூருக்குப் போவோம். சில ஆண்டுகளாகப் பௌர்ணமி இரவில் கடற்கரை மணலில் படுத்துத் தங்கும் கூட்டம் பெருகிக்கொண்டே வருகிறது. பக்தி ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. அறை எடுக்காமல், யாரும் விரட்டாமல், குடும்பத்தோடு வானத்தைப் பார்த்துப் படுக்கக் கிடைத்த ஓர் இரவு என்பதும் காரணம் என்று நான் சொல்வேன். விரித்த பாயில் பிள்ளை தூங்குகிறது, பக்கத்துப் பாய்க்காரர் பிஸ்கட் நீட்டுகிறார். சத்திரத்தின் வாசனை அங்கே அடிக்கிறது. சாதி கேட்கும் சத்திரத்தின் வாசனை இல்லை அது.

குற்றாலத்தில் வானத்தைப் பார்த்துப் படுப்பதில் ஆபத்து உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மேலே மலையில் பெய்த மழை கீழே குளிப்பவருக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அங்கே குளிக்கும் நேரத்தைப் பகலுக்குள் சுருக்கினார்கள். சரியான முடிவு. ஓடைக்கரையில் யாரையும் படுக்க விடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. படுக்கும் இடம் அருவியிலிருந்து தள்ளித்தான் இருக்க வேண்டும். மேலகரம், இலஞ்சி, தென்காசி, ஏன் பாவூர்சத்திரம் வரைக்கும் தள்ளி இருக்கலாம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், ரயில் பத்து ரூபாய் என்று முன்னே சொன்னது இங்கேதான் உதவும்.

புதிதாகக் கட்டிடம் எதுவும் கட்டச் சொல்லவில்லை. கட்டினால் அதையும் ஏலம் விடுவார்கள். ஏற்கெனவே நிற்கிற ஒன்றைக் காட்டுகிறேன். தென்காசியைச் சுற்றி எத்தனை கல்யாண மண்டபங்கள்! இலஞ்சிக் குமாரர் கோயிலில் தாலி கட்டிச் சாப்பாட்டுக்கு மண்டபம் வரும் கூட்டத்தை நம்பியே பல இருக்கின்றன. நூறு பாய் விரிக்கும் கூடம், சமையல்கட்டு, வரிசையாகக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, பூட்டுப்போட ஒரு அறை. ஒரு சத்திரத்துக்கு வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. குற்றாலத்தில் கூட்டம் நெரிபடும் அதே முப்பது நாளும் இந்த மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. வெளியூர்ப் பஸ்காரர்கள் மொத்தமாக ஒன்றை எடுத்துத் தங்குவது இப்போதே உண்டு. நாலு பேர் குடும்பத்துக்குத்தான் மண்டபம் எட்டாது. தலைக்கு ஐம்பதோ நூறோ வைத்து, பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம், குடும்பத்துக்குத் திரை மறைப்பு, சமையல்கட்டில் முறை வைத்து அடுப்பு என்று பேரூராட்சியோ சுற்றுலாத் துறையோ மண்டபக்காரர்களோடு பேசி ஏற்பாடு செய்யலாம். வரும் காசில் பாதி மண்டபத்துக்கு, பாதி துப்புரவுக்கு. போலீஸ் ரோந்தும் கட்டணப் பலகையும் வேண்டும். சாரல் விழாவுக்குப் போடும் பந்தல் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும் என்பது என் மதிப்பு.

மண்டபம் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்கள் யாராவது இதைப் படித்தால், வருகிற ஆடி ஒன்றாம் தேதி பூட்டைத் திறந்து ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். முதல் நாள் பாய், தூக்குச்சட்டி, ஆச்சி சகிதமாக நாங்கள் ஏழு பேர் வருகிறோம்.